ராகு காலம் முடிந்ததும் சார்ஜ் போடவும்

2119 பிப்ரவரி 4, சனி, 20:40 (சென்னை நேரம்). நான் எழுதும் மின்னேட்டில் மின்னிருப்பு 61%

இன்று எனக்கு எழுபத்தெட்டு ஆண்டு, நான்கு மாதம், ஒன்பது நாள். இதைக் கண்டெடுப்பவருக்கு, எழுதியவள் தெளிந்த புத்தியோடு இருந்தாளா என்ற ஐயம்தான் முதலில் எழும். ஆகவே என் கணக்கு பிசகவில்லை என்பதை முதல் வரியிலேயே காட்டிவிடுகிறேன்.

பெயர் தில்லைநாயகி. மின்பொறியியலில் முதுகலைப் பட்டம். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு மின்பகிர்வு மையத்தில், எந்த ஊருக்கு எந்த நேரம் மின்சாரத்தை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் பணி. அப்பணியில் இருந்தவர்களுக்கு நண்பர்கள் மிஞ்சுவதில்லை. நேரம் குறித்துப் பதிவெழுதும் பழக்கம் மட்டும் மிஞ்சுகிறது.

இருப்பிடம்: 'கோள்வலம்' என்னும் விண்கப்பல். பழைய சரக்குக் கப்பலுக்குப் புதுச்சாயம் பூசிப் பயணிகளை ஏற்றியிருக்கிறார்கள். சுபயோகம் டிராவல்ஸ் நடத்தும் நவக்கிரக யாத்திரையின் பதினோராவது மாதம் இது. பயணிகள் 214 பேர். புதனையும் சுக்கிரனையும் திரையில் காட்டி முடித்துவிட்டார்கள். ராகுவும் கேதுவும் கோள்களே அல்ல என்பதால் வெற்றுவெளியில் இரண்டு முறை மணியடித்துப் புளியோதரை கொடுத்தார்கள். நாளை மாலை சனியின் வளையங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

நிலைமை வழக்கமானதே. அறைக்கு இருவர், பிளக் பாயிண்ட் ஒன்று. ஆளுக்கு மூன்று கருவிகளாவது இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவரத் தடை. ஏறும்போது முப்பத்தேழு பறிமுதல் ஆயின. பருப்புப்பொடி டின்களை யாரும் திறந்து பார்க்கவில்லை. விளைவு, மாலை ஏழு மணிக்கு எல்லோரும் சார்ஜ் போட, எங்கள் மூன்றாம் தளத்து ஃபியூஸ் தினமும் எரிகிறது. ஆள் வந்து மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

என் அறைத்தோழி செண்பகவல்லிக்கு வயது எழுபது. கோவில்பட்டியில் ஆறு லாரிகளுக்கு உரிமையாளர். அவருடைய இதயத்தை மார்புக்குள் இருக்கும் ஒரு பம்பு இயக்குகிறது. பம்பை இடுப்பில் கட்டிய பேட்டரி இயக்குகிறது. மாற்றுப் பேட்டரி வியாழனைக் கடக்கும்போது பழுதாகிவிட்டது. இருக்கும் ஒன்றுக்கு நாளுக்கு நான்கு மணி நேர சார்ஜ் வேண்டும். ஃபியூஸ் போன மாலைகளில் அது அலறுகிறது. நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் புன்னகை கிடைத்தது.

எரிவதே ஃபியூஸின் கடமை. அதன் இடத்தில் தடித்த கம்பியைச் சொருகுபவன் தீ வைப்பவனுக்குச் சமம் என்று பணிக்காலத்தில் சுற்றறிக்கை அனுப்பியவள் நான். அக்குற்றத்துக்காக மூன்று லைன்மேன்களைப் பணியிடை நீக்கமும் செய்தேன்.

இன்று மாலை ஏழு மணிக்கு ஃபியூஸ் எரியவில்லை. பதிவு செய்கிறேன்.

20:10, உள்தொலைபேசி, உணவுக்கூடத்திலிருந்து செண்பகவல்லி: "எக்கா, சாப்பிட வாரீயளா இல்லியா? இன்னைக்கு இட்லி சனி கெணக்கா இருக்கு. சுத்தி வளையம் மட்டுந்தான் இல்ல. கல்லு கெணக்கா இருக்கதுல ஒரு கொறையும் இல்ல."

சென்றேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

பிப்ரவரி 5, ஞாயிறு, 19:50. ஏடு 56%

18:00 மணிக்கு முதன்மை மின்மாற்றி எரிந்தது.

நிகழ்ந்த வரிசை: சுற்றுலா மேலாளர் கோமதிநாயகம் இன்று காலை ஒவ்வொரு பயணிக்கும் ஒரு 'தரிசனக் கண்ணாடி' கொடுத்தார். சனியைப் பெரிதாக்கிக் காட்டிப் படமும் எடுக்கும் மின்கருவி. பிற்பகல் நான்கு மணிக்கு ஒலிபெருக்கியில் அவருடைய அறிவிப்பு. என் காதுக் கருவி அப்போது சார்ஜில் கிடந்ததால் நான் அதைக் கேட்கவில்லை. கப்பலின் பதிவிலிருந்து எடுத்தெழுதுகிறேன்:

"அய்யாமாரே, அம்மாமாரே, கண்ணாடிக்கு மொத மொத சார்ஜ் போடுறோம். சனி பகவான் சமாச்சாரம், வெளையாட்டு இல்ல. நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். அதுல யாரும் கைய வச்சிராதீங்க. ஆறு அடிச்சதும் எல்லாரும் ஒண்ணாப் போடுங்க. ஆறரைக்குத் தரிசனம்."

எல்லோரும் ஒன்றாகப் போட்டார்கள். 214 கண்ணாடிகள், ஒவ்வொன்றுக்கும் 90 வாட். ஒரே நிமிடத்தில் பத்தொன்பது கிலோவாட்டுக்கு மேல். ஒன்று, இரண்டு, நான்காம் தளங்களின் ஃபியூஸ்கள் தம் கடமையைச் செய்து எரிந்தன. மூன்றாம் தளத்து ஃபியூஸ் எரியவில்லை. அந்தத் தளத்தின் சுமை தடையின்றி மேலேறி மின்மாற்றியைத் தாக்கியது. தீ. பதினோரு நிமிடத்தில் அணைத்தார்கள். எவருக்கும் காயமில்லை. இரண்டு உலைகளில் ஒன்றின் மின்சாரம் இனி நமக்கு இல்லை.

கேப்டனின் அறிவிப்பு: சனியின் நிலவான டைட்டனில் உள்ள நிலையத்திலிருந்து இழுவைக் கப்பல் புறப்படுகிறது, 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்து சேரும். அதுவரை காற்றுக்கும் வெப்பத்துக்கும் திசைதிருப்பலுக்கும் போக, பயணிகளின் சொந்தக் கருவிகளுக்கு 900 வாட் மட்டும். மூன்றாம் தளத்து ஃபியூஸ் பலகை விசாரணைக்காகப் பூட்டி முத்திரையிடப்பட்டது.

தரிசனம் நடந்தது. வெறுங்கண்ணால் பார்த்தோம். வளையங்கள் அழகாகவே இருந்தன. தரிசனக் கண்ணாடியில் யாராலும் படமெடுக்க முடியாமற்போனதால், அப்படி ஒன்று நிகழவே இல்லை என்ற முகத்தோடு பயணிகள் படுக்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 6, திங்கள், 11:30. ஏடு 50%

09:15, தலைமைப் பொறியாளர் பர்னாந்து. தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும்: "அம்மா, நீங்க கரண்டு கட் பண்ணியே பேரு வாங்குனவங்கன்னு சொன்னாங்க. எனக்கு மிச்சமிருக்க ஒலையப் பாக்கவே நேரம் பத்தல. இந்தத் தொள்ளாயிரம் வாட்ட நீங்களே பங்கு வச்சுக் குடுத்திருங்க. நான் உக்காந்தா என்ன அடிச்சே கொன்னுருவாங்க. உங்கள அடிக்க மாட்டாங்க, வயசாயிட்டு."

ஒப்புக்கொண்டேன். உணவுக்கூடத்தின் மூலையில் ஒரு மேசை, ஓர் உள்தொலைபேசி. சார்ஜ் கவுண்டர் என்கிறார்கள்.

விதிகளை அறிவித்தேன். செண்பகவல்லியின் பம்புக்கு முதல் உரிமை. அடுத்து காதுக் கருவிகள். அதன்பின் செல்பேசிகள், தளத்துக்கு ஒரு மணி நேரம், முறைவைத்து. எழுதுவதற்கும் படிப்பதற்கும் உரிய கருவிகளுக்கு ஒன்றும் கிடையாது. இந்த ஏடும் அவ்விதிக்குள் அடங்கும். எடை கருதிக் கப்பலில் காகிதம் ஏற்றுவதில்லை. ஆகவே என் பதிவுகள் இனிச் சுருங்கும். இதன் உயிர் இதில் இருக்கும் ஐம்பது விழுக்காடுதான்.

வரிசையில் ஆட்கள் நிற்கவில்லை. ஆளுக்குப் பதில் ஒற்றைச் செருப்பு, தண்ணீர் பாட்டில், ஒரு தலையணை.

அறை 2-09: "ஏனுங்கம்மா, மருமக பேத்தி வீடியோ அனுப்பிருப்பாளுங்க. ஒரு அஞ்சு நிமிசம் போட்டுக் குடுத்தா என்னங்க? நம்மூருல தோட்டத்துக்கே கரண்டு வுடுறாங்க, இத்துனூண்டு செல்லுக்கு வுட மாட்டீங்களாக்கும்." மறுத்தேன்.

அறை 4-17: "ஆன்ட்டி, என் வாட்ச் ஆஃப் ஆயிடுச்சு. இன்னிக்கு எவ்ளோ நடந்தேன்னே தெரியல." நடந்தது நடந்ததுதான் என்று ஆறுதல் கூறினேன்.

அறை 3-14, செண்பகவல்லி: "எக்கா, ஒங்களுக்கு ஆபீசே போட்டுக் குடுத்துட்டாவளாமே. ஆனா கலெக்டர் கெணக்கா உக்காந்துக்கிட்டு முடிய ரப்பர் பேண்டுல கட்டிருக்கியளாம், எல்லாரும் சிரிக்காவ. அந்த இரும்புக் கொண்டை ஊசிய எங்க தொலச்சீய? கட்டிலுக்கு அடியில தேடிப் பாத்துட்டேன், காணல." பழையது, போகட்டும் என்றேன். தாம் பொருளைத் தொலையவிட்ட வழக்கமில்லை என்றும், லாரி நட்டு ஒன்று விழுந்தாலும் தேடி எடுத்தே பழக்கம் என்றும் கூறி வைத்துவிட்டார்.

பிப்ரவரி 8, புதன், 15:40. ஏடு 41%

நேற்று பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரை முதல் தளத்தின் முறை. ஒருவரும் சார்ஜ் போடவில்லை. ராகு காலம். 16:30க்கு அது முடிந்ததும் முதல் தளமும், தன் முறைக்குக் காத்திருந்த இரண்டாம் தளமும் ஒருசேரப் போட்டன. இணைப்பு அறுந்தது. நாற்பது நிமிடம் இருட்டு, பம்பு அலறியது. ஞாயிறன்று மின்மாற்றியை எரித்த அதே பிழையை, செவ்வாயன்று முழு நம்பிக்கையோடு மீண்டும் செய்தார்கள்.

அறிவுரை பயன்படாது. இது முப்பத்தாறு ஆண்டில் நான் கற்ற ஒரே உண்மை. இன்று காலை கோமதிநாயகத்திடம் ஒரு புது அட்டவணையைக் கொடுத்தேன். பூமியிலிருந்து இத்தனை தொலைவில் ராகு காலம் தளத்துக்குத் தளம் வேறுபடும். கீழ்த்தளத்துக்கு முன்னால், மேல்தளத்துக்குப் பின்னால், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர இடைவெளி.

அவருடைய மறுமொழி, 10:20: "மேடம், சாமி விசயத்துல பொய் சொல்லச் சொல்றீங்க. நான் இந்தத் தொழில்ல இருபது வருசமா இருக்கேன்."

ராகு என்ற கோளே இல்லாத இடத்தில் மணியடித்துப் புளியோதரை கொடுத்தது எந்த வகை என்று கேட்டேன்.

10:31: "சரி. என் பேர எழுத்துல போட மாட்டேன். மைக்குல சொல்றேன்."

சொன்னார். ஒருவரும் ஐயுறவில்லை. இரண்டாம் தளத்துப் பெரியவர் ஒருவர், தமக்கு இது முன்பே தெரியும் என்றுகூடக் கூறினாராம். மின்சுமை இப்போது நாள் முழுவதும் மேசைப்பரப்புபோல் சமமாக இருக்கிறது. என் பணிக்காலத்தில் ஒருமுறைகூட இப்படி ஒரு வரைகோட்டை நான் கண்டதில்லை.

பிப்ரவரி 11, சனி, 16:05. ஏடு 29%

இரண்டாம் உலை தளர்கிறது. 900 வாட் இன்று 300 ஆயிற்று. பம்புக்கு 120. செல்பேசிகளை முற்றிலும் நிறுத்தினேன். காதுக் கருவிகளையும் நிறுத்தினேன். அறுபத்திரண்டு பேர், என்னையும் சேர்த்து. எஞ்சியது சமையற்கூடத்துக்கும் மருந்துப் பெட்டிக்கும் போகிறது.

கப்பல் பேசுவதை நிறுத்திவிட்டது போலிருக்கிறது. வாய்கள் அசைகின்றன. கவுண்டரில் உள்ள திரை உள்தொலைபேசிப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டுகிறது. அதனால் என் பணி நிற்கவில்லை. வெப்பம் பதினாறு பாகை. இரண்டு புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருக்கிறேன்.

பயணிகளுக்குக் குற்றவாளி ஒருவர் தேவைப்பட்டார், இன்று கிடைத்துவிட்டார். மூன்றாம் தளத்து ஃபியூஸ் பலகையின் சாவி பர்னாந்து ஒருவரிடம்தான் இருக்கிறது. எரியாத ஃபியூஸுக்கு வேறு யார் பொறுப்பு?

15:30, பொது இணைப்பில் செண்பகவல்லி: "அந்தத் தூத்துக்குடியான் தெனமும் ஃபியூஸ் மாத்தச் சடைஞ்சுக்கிட்டு என்னத்தையோ உள்ள சொருகிட்டான். எங்கிட்ட இருந்த ஒரு கிளீனர்ப்பய இப்படித்தான் சொருகி, ஒரு லாரியவே கொளுத்திப்புட்டான். செவுட்டுல ரெண்டு வச்சு அனுப்புனேன். இவன என்ன செய்ய? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவந்தான் காரணம். எக்கா, எழுதி வையுங்க."

எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 14, செவ்வாய், 18:30. ஏடு 14%

காலை எட்டு மணிக்குப் பயணிகளுக்கான மின்சாரம் முழுவதும் நின்றது. இழுவைக் கப்பலை நோக்கித் திரும்புவதற்கு இருப்பதெல்லாம் தேவை. குறைந்தது இருபத்து நான்கு மணி நேரம்.

பம்பின் பேட்டரி: 08:00, 47%. 13:00, 26%. 15:00, 17%. கணக்குப் போடப் பட்டம் தேவையில்லை. செண்பகவல்லி என் எதிரே அமர்ந்து, அந்த எண்ணைப் பார்க்காமல் என் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

15:05, பர்னாந்து: "அம்மா, ஒரு யோசனை. இருநூறு பேர் செல்லுலயும் அஞ்சு பத்துன்னு சார்ஜ் கிடக்கும். அத உறிஞ்சி பம்புக்குக் குடுக்கலாம். ஆனா கோக்கதுக்குப் பெட்டி வேணும், ஒயர் வேணும். பறிமுதல் பண்ணின முப்பத்தேழையும் கீழயே எறக்கிட்டாங்க. யார்ட்டயாவது ஒளிச்சு வச்சது இருக்குமா?"

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம், பெயர் குறிக்கப்படாது என்று அறிவிக்கச் செய்தேன். கால் மணி நேரத்தில் மேசைமேல் ஐம்பத்தொன்று. ஊறுகாய் ஜாடியிலிருந்து ஒன்று. கோமதிநாயகத்தின் பூஜைப்பெட்டியிலிருந்து இரண்டு. பலவற்றின் துளைகளில் பருப்புப்பொடி. செல்பேசிகள் 183 வந்தன. அவற்றில் அறுபது முன்பே செத்தவை. கொடுத்த பெயர் வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்டவை. 2-09 தம் செல்பேசியை வைக்குமுன் ஒருமுறை திறந்து, பேத்தியைப் பார்த்துவிட்டு வைத்தார். அதில் 31% இருந்தது. எல்லாவற்றிலும் அதுவே அதிகம்.

பர்னாந்து தரையில் அமர்ந்து பெட்டிகளைப் பிரித்தார், கோத்தார். மூன்று மணி நேரம் நிமிரவில்லை. தம்மைத் திட்டியவர்களின் கால்களுக்கு நடுவே இருந்துகொண்டு செய்தார். 18:10க்கு எண் 3இல் நின்றது. பிறகு ஏறியது. இப்போது 11.

செண்பகவல்லி அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நன்றியாக இருக்கும் என்று எண்ணித் திரையைப் பார்த்தேன். அருகிலிருந்த உள்தொலைபேசி அதைப் பிடித்திருந்தது: "வேலை தெரிஞ்சவன்தான். அப்பொறம் ஏன்டே அன்னைக்கு அப்படிச் செஞ்ச?"

அவர் அடுத்த செல்பேசியை எடுத்துக் கோத்தார்.

என் ஏட்டின் மின்னிருப்பையும் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றியது. கொடுக்கவில்லை. இதில் இன்னும் எழுத வேண்டியது ஒன்று உள்ளது.

பிப்ரவரி 16, வியாழன், 12:15. ஏடு 5%

நேற்றிலிருந்து 150 வாட் திரும்பியது. பம்பு 88%. ஆபத்து நீங்கியது. வெப்பம் பதினொன்று. விரல்கள் எழுத்தைத் தவறவிடுகின்றன. கண் எரிகிறது. களைப்பு என்று மட்டும் குறிக்கிறேன். வேறு பெயரிட மனமில்லை.

11:50, பர்னாந்து: "அம்மா, நாளைக்கு விசாரணை அதிகாரி வாராரு. பலகையத் தொறப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. சத்தியமா நான் அதுல கைய வைக்கல. என் லைசென்ஸப் பிடுங்கிட்டா வீட்டுல மூணு பேரும் பட்டினிதான். நீங்க பெரிய எடத்துல இருந்தவங்க. இவன் அப்படிச் செஞ்சிருக்க மாட்டான்னு ஒரு வார்த்த எழுதிக் குடுப்பீங்களா?"

பார்க்கிறேன் என்று தட்டச்சு செய்தேன். அதிகாரிகளின் சொல். முப்பத்தாறு ஆண்டு பழக்கம்.

பிப்ரவரி 17, வெள்ளி, 11:20. ஏடு 2%

இழுவைக் கப்பல் இணைந்தது. அதிகாரி வந்துவிட்டார். பலகையை உடனே திறக்க முற்பட்டவரை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்று கோமதிநாயகம் கும்பிட்டு நிறுத்திவைத்திருக்கிறார். எனக்கு நாற்பது நிமிடம். கேட்கவும் முடியாது, குறுக்குக் கேள்விக்கு விடையளிக்கவும் முடியாது. ஆகவே எழுதி, இந்த ஏட்டை அவர் கையில் கொடுக்கப் போகிறேன்.

நான் பணியிடை நீக்கம் செய்த மூன்று லைன்மேன்களில் ஒருவர் பெயர் மாசானம். அந்தத் தெருவில் மூச்சுக் கருவியோடு ஒரு நோயாளி கிடந்தார், ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தது, அதனால் கம்பி போட்டேன் என்று விளக்கம் எழுதியிருந்தார். முழுவதும் படித்தேன். ஏற்கத்தக்கதன்று என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் குறிப்பு இன்றும் சரியானதே. அதை எனக்கும் பொருத்திக்கொள்க.

பிப்ரவரி 4, சனி, 16:20. மூன்றாம் தளத்து நடையில் ஒருவருமில்லை. பலகையைத் திறந்தவள் நான். அந்தப் பூட்டுக்குச் சாவி தேவையில்லை. கூரான எதுவும் போதும். ஃபியூஸைக் கழற்றினேன். அது என் கைப்பையில் இருக்கிறது, எரியாமல், நல்ல நிலையில்.

பர்னாந்துவுக்கு இதில் பங்கில்லை. செண்பகவல்லிக்குத் தெரியாது.

1%. ஃபியூஸ் இருந்த இடத்தில் அதிகாரி காணப்போவது, செண்பகவல்லி பதினோரு நாளாகக் கட்டிலுக்கு அடியில் தேடும் என் இரும்புக் கொண்டை ஊசி. அதைத் தேடியவரிடம் கொடுக்க வேண்